நிற்காமல் போகிற ஜீப்புக்கு ஒரு வரி

எங்கள் கம்பெனியின் வருமானம் குறைந்ததற்குக் காரணம் நான்தான் என்று ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு அறிவித்தார்கள். நான் மட்டும் இல்லை, நானும் என்னோடு எழுதுகிற பாயும். பழியில் ஆளுக்குப் பாதி என்று வைத்துக்கொள்ளலாம். அப்போது என் வாயில் பாதி உளுந்த வடை இருந்தது. அதை விழுங்கிவிட்டுச் சண்டைக்குப் போவதா, துப்பிவிட்டுப் போவதா என்று நான் முடிவு செய்வதற்குள் திரையில் அடுத்த படம் வந்துவிட்டது.

கம்பெனி என்றதும் கண்ணாடிக் கட்டடத்தை நினைக்க வேண்டாம். கூடலூர் மெயின் ரோட்டில் ஓர் உரக்கடையின் மாடி. மொத்தம் ஏழு பேர். படியேறும்போதே பூச்சி மருந்து வாடை மூக்கைத் துளைக்கும், அரை மணியில் பழகிவிடும். நாங்கள் செய்வது செல்போன் விளையாட்டு. அதுவும் ஒன்றே ஒன்று. லோயர் கேம்ப்பிலிருந்து மலையேறி, குமுளி தாண்டி, ஏலக்காய்த் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் பெண்களை ஏற்றிப் போகிற ஜீப். ஓட்டுவது நீங்கள். எதிரே வரும் பஸ்ஸுக்கு ஒதுங்கி, வளைவில் வண்டியைச் சாய்க்காமல், வேலை தொடங்கும் முன் அவர்களைக் கொண்டுபோய் இறக்க வேண்டும். விளையாடக் காசில்லை. ஆனால் டீசல் தீர்ந்தால் ஜீப் நின்றுவிடும். நான்கு மணி நேரம் காத்திருந்தால் டாங்க் தானாக நிரம்பும். பொறுமை இல்லாதவர்கள் காசு கட்டி உடனே நிரப்பிக்கொள்ளலாம். பொறுமை இல்லாத அந்தப் புண்ணியவான்களை நம்பித்தான் ஏழு வீட்டிலும் அடுப்பு எரிந்தது.

கம்பெனியை ஆரம்பித்தவர் கூடலூர்க்காரர். பெங்களூரில் பல வருஷம் வேறு யாருடைய விளையாட்டுகளுக்கோ மாரடித்துவிட்டு ஊர் திரும்பியவர். என்னைவிட வயதில் சிறியவர், அதனால் நான் தம்பி என்பேன். அவர் என்னை டீச்சரக்கா என்பார். கம்பத்தில் ஒரு பள்ளியில் தமிழ் நடத்திக்கொண்டிருந்தேன். அவருடைய விளையாட்டின் முதல் வடிவத்தைத் தங்கச்சி போனில் பார்த்துவிட்டு, கீழே கருத்து எழுதும் இடத்தில் ஒரு திட்டுத் திட்டினேன். ஏலக்காட்டு ஜீப்பில் பதினாறு பெண்களை உட்கார வைத்துவிட்டு ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லையே, இழவுக்குப் போகிற ஜீப்பில்கூட இதைவிடச் சத்தம் இருக்குமே என்று. மறுநாளே என்னைத் தேடிப் பிடித்துப் பேசினார். அப்படியானால் நீங்களே வந்து பேச வையுங்கள் என்றார். நான் பள்ளித் தாளாளருக்கு நான்கு பக்கத்தில் ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். ராஜினாமாவுக்கு நான்கு வரி போதும். மற்றதெல்லாம் பல வருஷமாக அவரிடம் சொல்ல நினைத்தவை. ஆக, அந்தப் பள்ளியின் கதவு எனக்கு இனித் திறக்காது. நானே ஆணி அடித்துவிட்டு வந்தேன்.

பாய் உத்தமபாளையத்தில் பிளக்ஸ் போர்டு கடையில் வாசகம் எழுதிக்கொண்டிருந்தவர். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று எல்லாம் எழுதுவார். ஒரு காதுகுத்துப் போர்டில், 'தாய்மாமன்மார் சீர் வரும் ஜீப் வழியில் நின்றுவிட்டால் விருந்தினர் பொறுத்தருள்க' என்று எழுதியிருந்தாராம். தம்பி அதைப் படித்துவிட்டு பைக்கை ஓரங்கட்டிச் சிரித்து, அன்றைக்கே அவரை வேலைக்கு எடுத்துவிட்டார். எங்கள் இருவருக்கும் வேலை ஒன்றுதான். கம்ப்யூட்டரில் ஒரு நீளமான அட்டவணை இருக்கும். யார் பேசுகிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்று கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். கடைசிக் கட்டத்தில், அந்தப் பேச்சு முடிந்ததும் ஆடுகிறவருக்கு என்ன கிடைக்கும் என்று எழுத வேண்டும். சும்மா சின்னதாக ஏதாவது போடுங்கள், ஒரு முழம் பூ, ஒரு கைதட்டல் என்று தம்பி சொல்லியிருந்தார்.

இனி அந்த வெள்ளிக்கிழமை. பணம் போட்டவர்களின் சார்பில் கணக்குப் பார்க்கிற சார் ஒருவர் சென்னையில் இருக்கிறார். மாதம் ஒருமுறை திரையில் வருவார். நல்ல மனிதர், குரலை உயர்த்த மாட்டார், அதுவே எனக்கு எரிச்சல். கத்துகிற ஆளாக இருந்தால் நாமும் கத்தலாம். அன்று அவர் காட்டிய வருமானக் கோடு மலையேறாமல் இறங்கிக்கொண்டிருந்தது. ஆட்டக்காரர்கள் குறையவில்லை, காசு கட்டுகிறவர்கள்தான் குறைந்துவிட்டார்கள் என்றார். பிறகு இன்னொரு கோடு. ஜீப் நின்றிருக்கும்போது வருகிற பேச்சில்தான் ஆட்கள் அதிக நேரம் இருக்கிறார்களாம்.

"அங்கேதான் மாட்டிக்கிறாங்க. பேச்சு நீளமா இருக்கு, போரடிக்குது, காசு கட்டுற பக்கத்துக்கே வர மாட்டேங்கிறாங்க" என்றார்.

அவர் முடிவாகச் சொன்னது இது: பேச்சையெல்லாம் எடுத்துவிட்டு கம்ப்யூட்டரே எழுதுகிற குட்டி வரிகளைப் போட்டுக்கொள்வது, எழுதுகிறவர்கள் இருவரும் மாதக் கடைசியோடு நின்றுகொள்வது. தம்பி தலையைக் குனிந்தபடி ஒரு வாரம் அவகாசம் கேட்டார். சார் தாராளமாகக் கொடுத்தார்.

நான் வடையை விழுங்கினேன். பாய் ஒரு தாளை எடுத்து ஏதோ எழுதி என் பக்கம் தள்ளினார். 'எழுதி எழுதியே எங்களை ஏழையாக்கிய இருவருக்குக் கண்ணீர் வழியனுப்பு. ஆழ்ந்த நிம்மதியுடன், அலுவலக நண்பர்கள்.' இழவு விழுந்த நேரத்தில் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. ஆனால் உள்ளுக்குள் அழுகைதான். வேலை போவதுகூட இரண்டாம் பட்சம். நான் எழுதியது போரடிக்கிறது என்று ஒரு கோடு சொல்கிறது, அந்தக் கோட்டோடு நான் எப்படிச் சண்டை போடுவேன்? பத்து வருஷம் பிள்ளைகள் கொட்டாவி விடுவதைப் பார்த்துப் பார்த்து வகுப்பை மாற்றிக்கொண்டவள் நான். கொட்டாவி என் கண்ணில் படாமல் போயிருக்கிறது என்றால் அதைத் தாங்க முடியவில்லை.

பாய்தான் வழி சொன்னார். "ஆளுக எங்கன மாட்டிக்கிறாகன்னு ஆளுககிட்டத்தான டீச்சர் கேக்கணும்."

கேட்கிற இடம் தினமும் காலையில் எங்கள் மாடிக்குக் கீழேயே வரிசை கட்டி நிற்கிறது. ஏலக்காட்டு ஜீப்புகள். எங்கள் விளையாட்டை அதிகம் ஆடுகிறவர்களும் அந்த ஜீப்பில் போகிறவர்கள்தான் என்று கேள்விப்பட்டிருந்தோம். வெட்கத்தை விட்டு இன்னொன்றும் சொல்கிறேன். நாங்கள் இருவருமே அந்த விளையாட்டை முதல் வளைவுக்கு மேல் ஆடியதில்லை. எனக்கு நிஜ மலையிலும் தலை சுற்றும், போன் மலையிலும் சுற்றும். பாயின் போன் விளையாட்டைத் திறந்தாலே மூச்சை விட்டுவிடும்.

திங்கட்கிழமை காலை ஒரு ஜீப்பில் ஏறினோம். பின்னால் பெண்களோடு பெண்ணாக நான், தூக்குவாளிகளுக்கு நடுவே. பாய் முன்னால், டிரைவருக்கும் கியருக்கும் இடையில் ஒடுங்கி. லோயர் கேம்ப் தாண்டியதும் என் எதிரே இருந்த பெண் போனை எடுத்தாள். எங்கள் ஜீப்பின் சத்தம் கேட்டது. நிஜ ஜீப் ஒன்று மலையேற, அதற்குள் பொம்மை ஜீப் ஒன்றும் மலையேறியது. நான்கு தலைகள் அந்தப் போனுக்கு மேல் கவிழ்ந்தன. நான் ஐந்தாவது தலையாகச் சேர்ந்துகொண்டேன்.

மூன்றாவது வளைவில் டீசல் தீர்ந்தது. பொம்மை ஜீப் நின்றது. இனிக் கொட்டாவிதான் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"இந்தா நின்டுருச்சு, கிட்ட வாங்கடி. இப்பத்தான் பேசுவாளுக" என்றாள் அவள்.

பிறகு நான் எழுதியதை அவள் வாய்விட்டுப் படித்தாள். ஒவ்வொருத்திக்கும் ஒவ்வொரு குரல் வைத்து, எனக்குக்கூடத் தோன்றாத ஏற்ற இறக்கத்தோடு. ஜீப்பில் இருக்கும் கிழவி, கவலைப்படுகிற டிரைவரிடம் சொல்கிற வரி வந்தது. 'வண்டி நிக்கிதுன்னு எங்களுக்கு என்னப்பா கவலை. நீ ஓட்டுனாத்தான் கவலை.' ஜீப்பில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நிஜ டிரைவருக்கே ரோசம் வந்து திரும்பிப் பார்த்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அதை எழுதியது நான்தான் என்று எழுந்து நின்று சொல்லியிருப்பேன், ஜீப்பின் கூரை மட்டும் கொஞ்சம் உயரமாக இருந்திருந்தால். என் வாழ்நாளில் அப்படி ஒரு பாராட்டுவிழா நடந்ததில்லை, இனி நடக்கப்போவதும் இல்லை.

அந்தச் சந்தோஷம் ஒரு வளைவு தூரம்கூட நீடிக்கவில்லை. போனில் மேலேயிருந்து இன்னொரு ஜீப் இறங்கி வந்தது. நின்றது. அதன் டிரைவர் எட்டிப் பார்த்து, 'கேன் கெடக்கு, ஊத்திக்க தம்பி' என்றார். டாங்க் நிரம்பியது. அவள் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனாள். டீசலுக்குக் காசு கட்ட மாட்டாயா என்று மெதுவாகக் கேட்டேன்.

"டீசலுக்குப் போயி எவ காசு குடுப்பா? அதான் அந்த அண்ணன் தெனமும் வந்து ஊத்திட்டுப் போறாகல்ல. நானே வேணுமின்னு வண்டியை உறும விட்டுத் தீத்துருவேன், இவளுக பேசுறதக் கேக்க. நல்ல ஹாரன் ஒண்ணு வச்சா வேணும்னா வாங்கலாம்."

அப்போதுதான் எனக்கு அந்தக் கடைசிக் கட்டம் ஞாபகம் வந்தது. சில மாதங்களுக்கு முன் இறங்குகிற ஜீப்பை எழுதியது நான்தான். அந்தப் பேச்சு முடிந்ததும் கிடைப்பது என்ற இடத்தில் 'டீசல், ஒரு கேன்' என்று போட்டதும் நான்தான். பாய் அதற்கு என்னோடு அரை நாள் சண்டை போட்டார். முழு கேனையும் ஊற்றிவிட்டால் கொடுத்தவன் எப்படி வீடு போய்ச் சேருவான், அரை கேன் போடுங்கள் என்றார். அரை கேனில் குமுளி செக்போஸ்ட்டுக்குப் போய்ச் சேர முடியாது என்று நான் கத்தினேன். எவ்வளவு கொடுப்பது என்றுதான் அத்தனை சண்டையும். கொடுக்கலாமா என்ற கேள்வி இருவருக்கும் வரவே இல்லை. எங்கள் கம்பெனி உலகத்தில் விற்கிற பொருள் ஒன்றுதான், அதை நாங்கள் கேன் கேனாக வாரி வழங்கியிருக்கிறோம்.

முன்சீட்டில் பாய் கழுத்தை ஒடித்துத் திரும்பினார். அவருக்கும் எல்லாம் கேட்டிருக்கிறது. "டீச்சர், அது நம்ம டீசல்" என்றார்.

குமுளியில் இறங்கிச் சாயா குடித்தோம். குடித்தோம் என்பது மரியாதைக்குச் சொல்வது. சிரித்துச் சிரித்துப் பாதி சட்டையில் ஊற்றிக்கொண்டோம். கடைக்காரர் மலையாளத்தில் யாருக்கு என்ன ஆச்சு என்று விசாரித்தார். வேலை போகப் போகிறது என்று பாய் சொல்ல, அவர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

சிரிப்பு அடங்கியதும் யோசித்தோம். சொல்லாமல் விட்டுவிடலாம். பேச்சோடு சேர்ந்து டீசலும் போய்விடும், வருமானம் ஏறிவிடும், யாருக்கும் தெரியாது. ஆனால் அப்புறம் காலத்துக்கும், இவர்கள் எழுதியது போரடித்தது, எடுத்ததும் கம்பெனி பிழைத்தது என்றுதான் பேச்சு இருக்கும். சொன்னால், நஷ்டம் பண்ணியவர்கள் என்று கையும் களவுமாக மாட்டிக்கொள்வோம். அறுவை என்று பேர் வாங்கிக்கொண்டு வெளியே போவதைவிடக் கம்பெனியைக் கவிழ்த்தவள் என்று பேர் வாங்கிக்கொண்டு போகிறேன் என்றேன். பாய் டம்ளரை வைத்துவிட்டு, எனக்கும் அதே பேர் போதும் என்றார்.

அவகாசம் முடிந்த வெள்ளிக்கிழமை சார் திரையில் வந்ததும் நான் எழுந்து நின்று சொன்னேன். நீங்கள் சொன்னது சரிதான் சார், வருமானம் குறைந்தது எங்களால்தான், ஆனால் காரணம் வேறு என்று ஆரம்பித்து, டீசல், கேன், வேண்டுமென்றே தீர்ப்பது, வாய்விட்டுப் படிப்பது, ஹாரன் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அங்கே யாரும் மாட்டிக்கொள்ளவில்லை, கேட்பதற்காக உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னேன். சார் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு கேட்டார்.

"எல்லாம் சரி. முன்ன பின்ன தெரியாதவனுக்கு எவனாவது சும்மா டீசல் குடுப்பானா? ஏழு பேர்ல ஒருத்தருக்குக்கூட இது தோணலையா?"

நான் அறையைப் பார்த்தேன். ஒவ்வொரு கட்டத்தையும் படித்துச் சரி சொன்ன தம்பி. அதற்கு நிரல் எழுதிய இருவர். கேனை வரைந்து, அதன் வாயில் ஒரு சொட்டு டீசல் வழிகிற மாதிரி அழகு பார்த்த ஓவியர். அந்த இடத்தை எத்தனையோ தடவை ஆடிப் பார்த்துப் பிழையில்லை என்று எழுதிக் கொடுத்த சோதனைக்காரர். எல்லார் முகத்திலும் ஒரே குழப்பம். சார் கேட்ட கேள்வியே யாருக்கும் பிடிபடவில்லை.

"பின்ன, மலையில நிக்கிற வண்டியை விட்டுட்டா சார் போவாக?" என்றார் தம்பி.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஹாரன் நல்ல யோசனை, போடுங்கள் என்றார். பேச்சும் இருக்கட்டும் என்றார். ஆனால் டீசல் நிற்க வேண்டும். இறங்கி வருகிற ஜீப் நிற்காமல் போய்விட வேண்டும். போகிற போக்கில் அந்த டிரைவர் சொல்கிற மாதிரி ஒரே ஒரு வரி எழுதிக் கொடுங்கள், நீங்கள் இருவரும் தாராளமாக வேலையில் இருக்கலாம் என்றார்.

ஒரு வரிதானே என்று துள்ளிக் குதித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவசரமாகப் போகிறான் என்று எழுதினேன். என்ன அவசரம்? ஆஸ்பத்திரி என்று வைத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகிறவன் ஜீப்பில் ஆள் இருக்குமே, அந்த ஆளாவது இறங்கி கேனைக் கொடுத்துவிடுவாரே. கெட்ட வாய்க்காரன் ஒருவனை எழுதினேன். இரண்டு வரி வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு மூன்றாவது வரியில் கேனை எடுத்துவிட்டான். பாய் ஒருவனைப் பார்க்காத மாதிரி போக வைத்தார். அப்புறம் நாளைக்கு இவன் டீக்கடைக்கு எந்த மூஞ்சியோடு வருவான் என்று அவரே அதை அழித்துவிட்டார். ஓவியர் கையை விரித்தார். நிற்காமல் போகிறவன் முகம் எப்படி இருக்கும் என்று சொன்னால்தானே வரைய முடியும் என்றார். நான்கு நாள் இப்படிப் போனது. மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு வரி எழுத வக்கில்லாமல் வேலையை இழக்கப் போகிறேனே என்று எனக்கு என் மேலேயே கோபம். நகருங்கள் என்று சொல்லிவிட்டுத் தம்பி என் நாற்காலியில் உட்கார்ந்தார். தட்டினார், அழித்தார், தட்டினார், எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். பிறகு சாருக்குப் போன் போட்டார்.

"சார், அந்த வரி எழுத இங்கன ஆள் இல்ல. நீங்களே எழுதிக் குடுத்துருங்க."

சார் சிரித்தாராம். ஒரு நிமிஷ வேலை, அனுப்புகிறேன் என்றாராம். அன்று வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் மாலை மெயில் வந்தது. ஒரே வரிதான். தம்பி எல்லாரையும் கூப்பிட்டு வைத்துப் படித்தார்.

"அவசரமா போறேங்க. மேலே போய் ஆள் அனுப்பி வைக்கிறேன், பயப்படாம இருங்க."

கீழே போகிற ஜீப் எப்படி மேலே போய் ஆள் அனுப்பும் என்று யாரும் கேட்கவில்லை. அதைவிடப் பெரிய சிக்கல் அதில் இருந்தது. நிரல் எழுதுகிறவர்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார். "ஆள் அனுப்புறேன்னு சொல்லிட்டாகல்ல. அப்ப ஆள் வரணும்ல."

வரணும் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டோம். தம்பி திரும்பவும் போன் போட்டு, சத்தமாக வைத்து, சாரிடமே கேட்டார். நீங்கள் அனுப்புகிற ஆள் வருகிறார் சார், வெறுங்கையோடு வரலாமா?

"வெறுங்கையோட எப்படிங்க வருவான்?" என்றார் சார்.

நான் அட்டவணையைத் திறந்து கடைசிக் கட்டத்தில் 'டீசல்' என்று எழுதினேன். அரை கேன் என்று பாய் பின்னாலிருந்து சொன்னார். இந்தத் தடவை விட்டுக்கொடுத்தேன். மாதக் கடைசி வந்தது, போனது, எங்களை யாரும் நிற்கச் சொல்லவில்லை. ஹாரன் நன்றாகப் போகிறது. டீசலை இன்றுவரை யாரும் வாங்குவதில்லை. அதற்கு எழுதுகிறவர்கள்தான் காரணம் என்றால் நாங்கள் மறுப்பதில்லை, ஆனால் இருவர் என்று சொன்னால் திருத்துவோம், மூன்று பேர்.